‘பார்த்துக்கோங்க’ என்று நான் சொன்ன இரவு

பம்புகள், கம்ப்ரசர்கள், கன்வேயர்கள் ஆகியவற்றைப் பராமரிக்கும் ஒரு பிரிவில் 11 ஆண்டுகள் ஃபிட்டர்களோடும் எலக்ட்ரீஷியன்களோடும் வேலை செய்த பிறகு, அந்தப் பிரிவுக்கே என்னைப் பொறுப்பாளராக்கினார்கள். 22 பேர், 3 ஷிப்ட். இயந்திரங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது குறைவு என்ற நினைப்பு அப்போது எனக்கு இருந்தது. அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் நான் பேசுவது எதிரில் இருப்பவரிடம் எந்த உருவத்தில் போய்ச் சேர்கிறது என்பதை நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. சின்ன வயதிலிருந்து பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், அதில் புதிதாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்பதே என் எண்ணமாக இருந்தது.

பொறுப்பேற்ற நான்காவது மாதத்தில் ஒருநாள் மாலை. குளிர்விக்கும் நீரை அனுப்ப எங்களிடம் மூன்று பம்புகள் இருந்தன. இரண்டு ஓடும், மூன்றாவது தயார் நிலையில் நிற்கும். அன்று காலையில் இரண்டாவது பம்பின் அதிர்வு 4.2 மி.மீ./வினாடி என்று இருந்தது, மாலையில் 5.6 ஆகியிருந்தது. 7.1ஐத் தொட்டால் பம்பை நிறுத்த வேண்டும் என்பது எங்கள் ஆலையின் வரம்பு. மூன்றாவது பம்பில் கசிவைத் தடுக்கும் சீல் தேய்ந்திருந்ததால் அதை நெடுநேரம் ஓட்ட எனக்கு விருப்பமில்லை. எனவே இரண்டாவதையே வார இறுதி வரை ஓட்டிவிட்டு, பிறகு அதன் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கை மாற்றிக்கொள்ளலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டிருந்தேன். கையில் ஹெல்மெட்டுடன் வாசலை நோக்கி நடந்துகொண்டே, இரவு ஷிப்டுக்கு வந்திருந்த இளம் ஃபிட்டரிடம், “தம்பி, ரெண்டாவது பம்பைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்றேன். “சரிங்க சார்” என்றார். நான் கிளம்பிவிட்டேன்.

மணிக்கு ஒருமுறை அதிர்வைக் குறித்துவையுங்கள், 7.1ஐ நெருங்கினால் என்னை அழையுங்கள், அதுவரை பம்பில் கை வைக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. அந்தப் பம்பில் கோளாறு இருக்கிறது, அதைச் சரிசெய்வது உங்கள் வேலை என்பது அவர் காதில் விழுந்தது. தவறு அவர் காதில் இல்லை. தூங்கும் குழந்தையைப் பார்த்துக்கொள் என்றால் கண் வைத்திரு என்று பொருள். கணக்கு வழக்கையெல்லாம் நீயே பார்த்துக்கொள் என்றால் செய்து முடி என்று பொருள். நம் மொழியில் இரண்டுக்கும் சொல் ஒன்றுதான். எது எந்தப் பொருள் என்பதைச் சூழ்நிலைதான் சொல்ல வேண்டும், அந்தச் சூழ்நிலை முழுவதும் என் மண்டைக்குள் இருந்தது.

அவர் பொறுப்பானவர். இரவு 11 மணிக்கு மூன்றாவது பம்பை ஓடவிட்டு, இரண்டாவதை நிறுத்தி, முறைப்படி மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, கப்ளிங்கைக் கழற்றி, பேரிங்கை வெளியே எடுத்துவிட்டார். 2.40 மணிக்கு மூன்றாவது பம்பின் சீல் போயிற்று. இரண்டாவது துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. முதல் பம்பு ஒன்றால் மட்டும் வெப்பத்தைத் தாங்க முடியவில்லை, உற்பத்தி வரிசை நின்றது. ஐந்தரை மணி நேரம். யாருக்கும் காயம் இல்லை என்பது ஒன்றே ஆறுதல்.

காலையில் நான் செய்தது அதைவிட மோசம். இரண்டு ஷிப்ட் ஆட்களும் கூடியிருந்த இடத்தில், “யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க?” என்று கத்தினேன். “நீங்கதான் சார் சொன்னீங்க” என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினேன். பிறகு தனியாக உட்கார்ந்து லாக் புத்தகத்தைப் புரட்டியபோது, இரவு 11.05க்கு நேரே அவருடைய சுத்தமான கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘பொறுப்பாளர் சொன்னபடி இரண்டாவது பம்பு பிரிக்கப்பட்டது.’ அந்த வரியைப் பல முறை படித்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறார்.

அதன் பிறகு வந்த மூன்று மாதங்கள் மிக அமைதியாக இருந்தன, அந்த அமைதியை நான் ஒழுங்கு என்று தவறாகப் புரிந்துகொண்டேன். காலைக் கூட்டத்தில் “ஏதாவது பிரச்சினை உண்டா?” என்று கேட்பேன். யாரும் பேசமாட்டார்கள். நான் மகிழ்ச்சியோடு கூட்டத்தை முடிப்பேன். ஒருநாள் தற்செயலாகக் கன்வேயரின் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்தபோது, கியர்பாக்ஸுக்குக் கீழே ஒரு பழைய பெயின்ட் டின் வைக்கப்பட்டிருந்தது. அதில் பாதிக்கு மேல் எண்ணெய். சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. விசாரித்தபோது, ஒன்பது நாட்களாக அந்த டின் அங்கே இருக்கிறது என்றும், ஒவ்வொரு ஷிப்டும் முடியும்போது யாரோ ஒருவர் அதைக் காலி செய்துவிட்டு, அதே அளவு எண்ணெயை மேலே ஊற்றிவிட்டுப் போகிறார் என்றும் தெரிந்தது. மூன்று ஷிப்ட் ஆட்களும் எனக்குத் தெரியாமல் தங்களுக்குள் கச்சிதமாகத் தகவல் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிரிவில் தகவல் தொடர்பு நன்றாகவே இருந்தது. நான் மட்டும் அதில் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று மூத்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கேட்டேன். “சொன்னா என்ன நடக்கும்னு அன்னைக்குப் பார்த்தோமே சார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போல இயல்பாகச் சொன்னார்.

அந்த வாரம்தான் பைப்பர் ஆல்ஃபா விபத்தைப் பற்றி முழுமையாகப் படித்தேன். பராமரிப்புத் துறையில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். எனக்கும் பெயர் தெரியும், விவரம் தெரியாது. 1988 ஜூலை 6ஆம் தேதி, வட கடலில் இருந்த அந்த எண்ணெய், எரிவாயு மேடையில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்த இடத்தைத் தற்காலிகத் தகடு ஒன்றால் மூடியிருந்தார்கள். வேலை அன்றைக்குள் முடியவில்லை. அந்த வேலைக்கு அனுமதிச் சீட்டு இருந்தும், வால்வு இல்லை என்ற செய்தி இரவு ஷிப்டின் ஆட்களைச் சென்று சேரவில்லை. இரவில் மற்றொரு பம்பு நின்றுபோனபோது, வால்வு இல்லாத பம்பை அவர்கள் ஓடவிட முயன்றார்கள். 167 பேர் இறந்தார்கள். என் ஐந்தரை மணி நேர நிறுத்தத்தை அதோடு ஒப்பிட எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வியர்த்தது, ஏனென்றால் அந்தக் கதையில் வரும் பொருட்கள் எல்லாம் என் மேசையிலும் இருந்தன: ஒரு பம்பு, ஷிப்ட் மாறும் நேரம், வேலை அனுமதிச் சீட்டு, சொல்லப்படாமல் போன ஒரே ஒரு விவரம்.

முதலில் மன்னிப்புக் கேட்டேன். எங்கே கத்தினேனோ அதே இடத்தில், அதே இரண்டு ஷிப்ட் ஆட்களும் இருக்கும் நேரத்தில், நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே திரும்பச் சொல்லி, அதை எப்படி வேண்டுமானாலும் புரிந்துகொள்ளலாம் என்பதை ஒப்புக்கொண்டேன். இதைத் தனியறையில் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் என் மனம் சொன்னது. கண்டிப்பதைத் தனியாகச் செய்ய வேண்டும் என்பது சரி. ஆனால் நாலு பேர் முன்னால் ஒருவரை அவமதித்துவிட்டு, மன்னிப்பை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பது, கடனைச் சந்தையில் வாங்கிச் சந்தில் திருப்பிக் கொடுப்பதைப் போன்றது. அந்த இளைஞர் எதுவும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அவர் என்னிடம் பழையபடி பேச இன்னும் இரண்டு மாதங்கள் ஆயின.

அடுத்து, வேலை சொல்லும் முறையை மாற்றிக்கொண்டேன். எதைச் செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும், எதுவரை நீங்களே முடிவெடுக்கலாம், எந்தக் கட்டத்தில் என்னை அழைக்க வேண்டும் என்ற நான்கும் என் வாயிலிருந்து வரும் வரை நான் நகர்வதில்லை என்று முடிவு செய்தேன். இவற்றில் ‘ஏன்’ என்பதற்கு எவ்வளவு எடை உண்டு என்பது எனக்குப் போகப்போகத்தான் புரிந்தது. “மூன்றாவது பம்பின் சீல் தேய்ந்திருக்கிறது, அதனால்தான் இரண்டாவதை ஓட்டுகிறோம்” என்று ஒரே ஒரு வரியை அன்று நான் சொல்லியிருந்தால், மற்ற மூன்றையும் நான் மறந்திருந்தாலும், அந்த ஃபிட்டர் பம்பைப் பிரித்திருக்கமாட்டார். காரணம் தெரிந்தவர், நாம் எதிர்பார்க்காத நிலைமை வந்தாலும் சமாளித்துவிடுவார். கட்டளை மட்டும் தெரிந்தவர், அந்தக் கட்டளை எந்த நிலைமைக்குச் சொல்லப்பட்டதோ அந்த நிலைமை மாறியவுடன் நடுவழியில் நிற்கிறார்.

‘சரி’ என்ற சொல்லையும் நம்புவதை நிறுத்தினேன். ‘சரிங்க சார்’ என்பது பல நேரங்களில் ‘நீங்கள் பேசியது காதில் விழுந்தது’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. சில நேரங்களில் ‘இப்போது இந்தப் பேச்சு முடிந்தால் நல்லது’ என்றும் பொருள். விமானிகள் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். 1977 மார்ச் 27ஆம் தேதி டெனெரிஃபே தீவின் விமான நிலையத்தில், மூடுபனியில், ஓடுபாதையிலேயே இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட அனுமதி வராமலேயே ஒரு விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. அந்த விமானி வானொலியில் சொன்ன வாக்கியத்தை, புறப்படத் தயாராக நிற்கிறோம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். கட்டுப்பாட்டு அறையின் பதில் ‘ஓகே’ என்று தொடங்கியது. காத்திருங்கள் என்று அதைத் தொடர்ந்து வந்த பகுதி, அதே நேரத்தில் மற்ற விமானம் பேசியதால் இரைச்சலில் சிதைந்தது. எதிர் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று ஓடத் தொடங்கிய விமானத்தின் பொறியாளர் ஐயத்தோடு கேட்டார். அனுபவம் மிகுந்த தலைமை விமானி, விலகிவிட்டது என்று உறுதியாகச் சொன்னதும் பேச்சு அங்கேயே முடிந்தது. அதன் பிறகு புறப்பாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை, உண்மையாகவே புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறு எங்கும் பயன்படுத்தக்கூடாது என்றும், ஓடுபாதை தொடர்பான அனுமதிகளைக் கேட்டவர் திரும்பச் சொல்லிக்காட்ட வேண்டும் என்றும் நடைமுறைகள் இறுகின. கீழே இருப்பவர் ஐயத்தைத் தயங்காமல் சொல்வதற்கும், மேலே இருப்பவர் அதைக் காது கொடுத்துக் கேட்பதற்கும் விமானக் குழுவினருக்குத் தனிப் பயிற்சியே வந்தது.

இந்தத் திரும்பச் சொல்லும் பழக்கத்தைத்தான் நான் கடன் வாங்கினேன். ஆனால் அதைக் கேட்கும் விதத்தில் முதலில் சறுக்கினேன். “நான் என்ன சொன்னேன், சொல்லுங்கள் பார்ப்போம்” என்று மூத்த ஃபிட்டர் ஒருவரிடம் கேட்டபோது, “நான் என்ன ஸ்கூல் பையனா சார்?” என்றார். அவர் கேட்டது நியாயம். அதிலிருந்து கேள்வியை மாற்றினேன்: “நான் அவசரத்தில் சொல்கிறேன், ஏதாவது விட்டிருப்பேன். ராத்திரி எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்று ஒருமுறை சொல்லுங்கள்.” இப்படிக் கேட்கும்போது சோதிக்கப்படுவது அவருடைய நினைவாற்றல் அல்ல, என்னுடைய பேச்சு. நான் எதிர்பார்த்ததைவிட அதிகமான முறை, பதிலைக் கேட்டு நானே திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. “புரிந்ததா?” என்ற கேள்வியை இப்போது நான் கேட்பதே இல்லை, அதற்கு ‘இல்லை’ என்று பதில் சொன்ன ஒரே ஒரு ஆளைக்கூட நான் கண்டதில்லை.

கெட்ட செய்தியைக் கேட்பதுதான் இவை எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. ஒருவர் வந்து, “சார், ஒரு தப்பு நடந்துபோச்சு” என்று தொடங்கும்போது முகம் தானாகச் சுருங்குகிறது. வாய் பேசுவதற்கு முன்பே முகம் பேசிவிடுகிறது. ஆகவே எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: முதல் வாக்கியம் “வந்து சொன்னது நல்லது”, இரண்டாவது வாக்கியம் “இப்போது நிலைமை என்ன?”. யார், ஏன், எப்படி என்பவை எல்லாம் இயந்திரம் பாதுகாப்பான நிலைக்கு வந்த பிறகுதான். செயற்கையாக இருக்கிறதே என்று தொடக்கத்தில் எனக்கே தோன்றியது. இருக்கட்டும். கத்தியது மட்டும் இயற்கையாக வந்தது என்பதற்காக அது நல்லதாகிவிடவில்லையே.

ஆறு மாதங்களில், மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் என்று எங்கள் பதிவேட்டில் எழுதப்பட்டவை காலாண்டுக்கு இரண்டிலிருந்து பதினொன்றாக ஏறின. மேலதிகாரி என்னை அழைத்து, “உங்கள் பிரிவில் ஏன் பிரச்சினைகள் அதிகமாகின்றன?” என்று கேட்டார். அவருக்கு விளக்க எனக்கு ஓர் ஆய்வு கைகொடுத்தது. எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த எண்களோ தலைகீழாக இருந்தன. அந்தக் குழுக்கள் அதிகமாகப் பிழை செய்தன என்பதைவிட, அவர்கள் பிழைகளை மறைக்காமல் வெளிப்படையாகப் பேசினார்கள் என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கமாகத் தோன்றியது. மேலதிகாரி முழுவதும் ஏற்றுக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். “பதினொன்றும் என்னவென்று அடுத்த வாரம் காட்டுங்கள்” என்றார். காட்டினேன். அவற்றில் நான்கு, முன்பாக இருந்தால் கீழே ஒரு டின்னை வைத்து மூடி மறைத்திருக்கக்கூடியவை.

ஷிப்டை எட்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரமாக மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது வேறொரு பாடம் கிடைத்தது. நிர்வாகம் அதைப் பரிசீலித்துக்கொண்டிருந்தது, முடிவு எடுக்கவில்லை. முடிவான பிறகு சொன்னால் போதும் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வாரங்களில் என் ஆட்கள் அந்த வெற்றிடத்தைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள்: ஆறு பேரை வேலையைவிட்டு அனுப்பப்போகிறார்கள், மிகைநேர ஊதியம் நிற்கப்போகிறது, யார் யாரை அனுப்புவது என்ற பட்டியல்கூடத் தயாராகிவிட்டது. நான் பேசாமல் இருந்ததையே அவர்கள் அந்தப் பட்டியலுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லோரையும் கூட்டி, முடிவானது இது, முடிவாகாதது இது, எனக்கே தெரியாதது இது என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லிவிட்டு, அடுத்த வியாழக்கிழமை மாலை, புதிய செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மறுபடி பேசுகிறேன் என்றேன். அந்த வியாழக்கிழமை என்னிடம் புதிய செய்தி எதுவும் இல்லை. போய் நின்று, “இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை” என்று மட்டும் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகுதான் வதந்தி தணியத் தொடங்கியது.

எனக்கே தெரியாது என்பதைத் தலைவராக இருப்பவர் சொல்லக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. ஆனால் தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஒருமுறை பிடிபட்டால், தெரிந்ததைச் சொல்லும்போதும் நம்பமாட்டார்கள்.

சின்ன விஷயங்களும் உண்டு. தனித்தனியாகப் பேசும்போது “எப்படிப் போகிறது?” என்று கேட்டால் “நல்லாப் போகுது சார்” என்பதோடு முடிந்துவிடுகிறது. “இந்த வாரம் உங்களை அதிகமாகக் காக்கவைத்தது எது?” என்று கேட்டால், ஸ்டோரில் கேஸ்கெட் கிடைக்க நாற்பது நிமிடம் ஆகிறது என்பது வரை வெளியே வருகிறது. பாராட்டும்போதும் அப்படித்தான், “சூப்பர்” என்பதை யாரும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை, “நீங்கள் சத்தத்தை வைத்தே பெல்ட் தளர்ந்ததைக் கண்டுபிடித்ததால் ஒரு நிறுத்தம் தவிர்ந்தது” என்பதை எடுத்துச் செல்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் போடும் செய்திக்கு வரும் கட்டைவிரல் படங்களை நான் பதிலாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. யார் செய்ய வேண்டும் என்று பெயர் குறிப்பிடாத செய்தி, 22 பேருக்கு அனுப்பியதாகவும் ஒருவருக்கும் அனுப்பாததாகவும் ஆகிவிடுகிறது.

ஷிப்ட் மாறும் பேச்சை அறையிலிருந்து இயந்திரத்தின் அருகே மாற்றியதும் எதிர்பாராத அளவு பயன் தந்தது. லாக் புத்தகம் அப்படியே இருக்கிறது, ஆனால் போகிறவரும் வருகிறவரும் பம்பின் மேல் கை வைத்தபடிதான் அதைப் படிக்கிறார்கள். பத்து நிமிடம் கூடுதலாகிறது என்று முதலில் முணுமுணுப்பு இருந்தது. குளிர்காலத்தில் இப்போதும் இருக்கிறது.

போன மாதம் ஒருநாள் மாலை, மறுபடியும் கிளம்பும் அவசரம். கையில் ஹெல்மெட். அதே ஃபிட்டர், இப்போது ஷிப்டின் மூத்தவர். மூன்றாவது பம்பின் சக்ஷன் வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும், காரணம் இது, இந்த நேரத்துக்குள் முடியாவிட்டால் அழையுங்கள் என்று வரிசையாகச் சொல்லி முடித்தேன். நான் கேட்பதற்கு முன்பே அவர் திரும்பச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். “சார், மூணாவது ஓடிட்டிருக்கு. வேலைக்காக நிறுத்தியிருக்குன்னு டேக் தொங்குறது ரெண்டாவதுல.”

ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய்ப் பார்த்தேன். இரண்டாவதுதான்.